பாஸ்போர்ட் ரத்தான மறுநாள்: ஒரு தஞ்சக் கோரிக்கையின் நிகழ்வு ஆய்வு

## எதைப் பற்றியது

2013 மே கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் முதல் தேதி வரை ஓடிய விவகாரம் இது. அமெரிக்க உளவு அமைப்பின் ரகசிய ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்த ஒருவர், தஞ்சம் கேட்டு 21 நாடுகளுக்கு எழுதினார். கடைசியில், விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கிய நாட்டிலேயே தங்கிப்போனார்.

தனிமனிதர் பெயர் எதையும் இங்கே எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்பது வாசகருக்குப் புரியாமல் போகாது. ஆனால் அந்தப் பெயரை எடுத்ததுமே பேச்சு 'தியாகியா, துரோகியா' என்ற பக்கம் சாய்ந்துவிடுகிறது. இந்தப் பதிவின் வேலை வேறு. ஒவ்வொரு கட்டத்திலும் யார் என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், அது அடுத்தவர் முடிவை எப்படி நெருக்கியது என்று பார்ப்பதுதான்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர் தஞ்சத்துக்குத் தகுதியானவரா என்ற கேள்வியை எந்த நீதிமன்றமும் முழுதாக விசாரிக்கவில்லை. அந்தந்த நேரத்தில் அவர் எந்த மண்ணில் நின்றார், கையில் எந்தத் தாள் செல்லுபடியானது என்ற இரண்டு விஷயங்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தன.

## பின்னணி

அவர் அரசு ஊழியர் அல்ல. ஹவாயில் இருந்த தேசியப் பாதுகாப்பு முகமையின் (என்எஸ்ஏ) அலுவலகத்தில், ஒரு தனியார் நிறுவனத்தின் வழியாக வேலை பார்த்த ஒப்பந்தப் பணியாளர். இந்த ஒரு வேறுபாடு பின்னால் பெரிதாக உதைத்தது. உளவுத் துறைக்குள் முறைகேடுகளைச் சுட்டிக்காட்டும் ஊழியர்களைப் பழிவாங்கக் கூடாது என்று 2012 அக்டோபரில் அமெரிக்க அதிபர் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார். அந்தப் பாதுகாப்பு ஒப்பந்தப் பணியாளர்களுக்கு நீளவில்லை. உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்கிறார் அவர். புகார் என்று சொல்லும்படியான பதிவு எதுவும் தங்களிடம் இல்லை என்கிறது என்எஸ்ஏ.

இன்னொரு பின்னணி, அவர் மீது பாய்ந்த சட்டம். 1917-இன் உளவுச் சட்டம், அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய ஆண்டில் இயற்றப்பட்டது. எதிரி நாட்டுக்கு ரகசியத்தை விற்றவரையும் செய்தித்தாளுக்குக் கொடுத்தவரையும் அது பெரிதாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. 'மக்கள் நலனுக்காகச் செய்தேன்' என்று வாதாட அதில் இடம் கிடையாது. ஆகவே ஊரிலேயே இருந்து வழக்கைச் சந்திக்கலாமே என்ற கேள்விக்கு அவர் தரப்பு வைத்திருந்த பதில், அங்கே நோக்கத்தைப் பற்றிப் பேசவே விடமாட்டார்கள் என்பதுதான். அந்தப் பதிலை ஏற்காதவர்கள்கூட, சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்பதை மறுப்பதில்லை.

## ஹாங்காங்: மே 20 முதல் ஜூன் 23 வரை

மே 20 அன்று அவர் ஹவாயிலிருந்து ஹாங்காங்குக்குப் பறந்தார். ஏன் ஹாங்காங் என்பதற்குக் காரணங்கள் இருந்தன. அமெரிக்கர்கள் அங்கே விசா இல்லாமல் 90 நாள் தங்கலாம். பேச்சுரிமைக்கு மரியாதை இருந்த ஊர். அமெரிக்காவுடன் தப்பியோடியவர்களை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1996-இல் கையெழுத்தாகியிருந்தாலும், அரசியல் குற்றங்களுக்கு அதில் விலக்கு இருந்தது. நீதிமன்றம் போனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாம் அங்கே *தாக்குப்பிடிக்க* மட்டுமே உதவும். அங்கிருந்து எங்கே போவது என்ற திட்டம் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. இந்த விவகாரத்தில் அவர் பக்கத்து முதல் பிழை என்று நான் குறிப்பது இதைத்தான்.

ஜூன் 5 அன்று முதல் செய்தி வந்தது. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் அனைவரின் அழைப்பு விவரங்களையும் அன்றாடம் என்எஸ்ஏவுக்குத் தரச் சொன்ன ரகசிய நீதிமன்ற உத்தரவு அது. மறுநாள் இணைய நிறுவனங்களிடமிருந்து தகவல் பெறும் பிரிஸம் திட்டம் அம்பலமானது. ஜூன் 9 அன்று அவரே காணொளியில் தோன்றித் தன்னை அடையாளம் காட்டிக்கொண்டார். உடன் வேலை பார்த்தவர்கள் மீது சந்தேகம் விழக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். நேர்மையான காரணம்தான். ஆனால் தஞ்சம் என்ற கோணத்தில் பார்த்தால், தலைக்கு மேல் கூரை இல்லாதபோதே மழையை வரவழைத்துக்கொண்ட செயல் அது.

அடுத்த நாள் ஓட்டலைக் காலி செய்தவர், ஏறக்குறைய இரண்டு வாரம் எங்கே இருந்தார் என்பது 2016-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அகதிகளுக்காக வாதாடும் ஒரு வழக்கறிஞர், தன் கட்சிக்காரர்களான அகதிக் குடும்பங்களின் சிறு குடியிருப்புகளில் அவரைத் தங்கவைத்திருந்தார். இலங்கையிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்து, தங்கள் தஞ்சக் கோரிக்கைக்குப் பதில் வராமல் காத்துக்கிடந்தவர்கள் அவர்கள். உலகமே தேடிய ஆளை, யாரும் திரும்பிப் பார்க்காதவர்கள் வீட்டில் மறைத்தது தந்திரமாக நன்றாகவே வேலை செய்தது. அதற்கு அந்தக் குடும்பங்கள் என்ன விலை கொடுத்தன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜூன் 14 அன்று வர்ஜீனியாவின் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் ரகசியமாகக் குற்றச்சாட்டு பதிவானது. உளவுச் சட்டத்தின் கீழ் இரண்டு, அரசுச் சொத்தைத் திருடியதாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 10 ஆண்டுவரை சிறை. இங்கே கவனிக்க ஒன்று உண்டு. உளவு, ராஜதுரோகம் போன்றவை ஒப்படைப்புச் சட்ட மரபில் 'தூய அரசியல் குற்றம்' என்று கருதப்பட்டு விலக்குப் பெறக்கூடியவை. திருட்டு அப்படியல்ல, அது எல்லா நாட்டுக்கும் பொதுவான சாதாரணக் குற்றம். அந்த மூன்றாவது குற்றச்சாட்டு வெறும் எண்ணிக்கைக்காகச் சேர்க்கப்பட்டதல்ல என்பது என் கணிப்பு.

ஜூன் 21 அன்று குற்றச்சாட்டு பகிரங்கமானது. அன்றுதான் அவருக்கு 30 வயது நிறைந்தது. தற்காலிகமாகக் கைது செய்யச் சொல்லி ஹாங்காங்குக்கு வந்த அமெரிக்க ஆவணங்களில் ஒரு கோளாறு இருந்ததாக ஹாங்காங் நீதித் துறைச் செயலர் பிறகு விளக்கினார். குடிவரவுப் பதிவில் இருந்த நடுப்பெயர் ஒன்று, அமெரிக்கத் தூதரக ஆவணத்தில் இருந்தது வேறொன்று, இன்னொரு தாளில் வெறும் முதலெழுத்து. பாஸ்போர்ட் எண்ணும் இல்லை. விளக்கம் கேட்டு எழுதினோம், பதில் வருவதற்குள் அவர் போய்விட்டார், தடுக்கச் சட்டப்படி வழியில்லை என்றது ஹாங்காங். முகம் உலகத் தொலைக்காட்சி முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்போது அடையாளத்தில் சந்தேகமா, இது வெறும் சாக்கு என்று சீறியது அமெரிக்க நீதித் துறை.

இரண்டு தரப்பும் சொன்னது உண்மைதான் என்று நினைக்கிறேன். அது சாக்கு. ஆனால் சாக்கைச் செய்துகொடுத்தது வாஷிங்டன். ஹாங்காங் கைது செய்திருந்தால், அமெரிக்கா ஹாங்காங் கணினிகளுக்குள் புகுந்தது என்று அவர் உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சொன்னது நீதிமன்றத்தில் மாதக்கணக்கில் அலசப்பட்டிருக்கும். பெய்ஜிங்குக்கு அந்தத் தலைவலி வேண்டாம். ஒப்படைத்தால் உள்ளூர் மக்கள் கோபம், மறுத்தால் அமெரிக்கக் கோபம். ஆள் தானாகவே கிளம்பிப்போனால் எல்லாருக்கும் நிம்மதி. அவர் புறப்பட்டதை அறிவித்த அதே அறிக்கையில், தங்கள் கணினிகளுக்குள் புகுந்த செய்தி பற்றி அமெரிக்காவிடம் விளக்கம் கேட்டிருப்பதையும் ஹாங்காங் அரசு சேர்த்துக்கொண்டது.

## ஜூன் 22: பாஸ்போர்ட் ரத்து

விவகாரம் முழுவதிலும் கனமான முடிவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஜூன் 22 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்தது. மறுநாள் காலை அவர் ஏரோஃப்ளோட் விமானத்தில் மாஸ்கோவுக்குப் பறந்தார். ரத்துச் செய்தி உரிய நேரத்தில் ஹாங்காங் குடிவரவுக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதில் இரு தரப்பும் முரண்பட்டன. விளைவில் முரண்பாடு இல்லை. புறப்படும்போது வேலை செய்த பாஸ்போர்ட், போய் இறங்கியபோது வெறும் அட்டை.

ரத்தின் நோக்கம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பிடியாணை உள்ளவர் நாடு நாடாகப் பறப்பதைத் தடுப்பது வழக்கமான நடைமுறை. ஆனால் அந்த நடைமுறை, ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்த்துச் செய்ய வேண்டியது. அவர் மாஸ்கோவில் இறங்கியது, கியூபா வழியாக ஈக்வடார் போக. ரத்து அவரை ஹாங்காங்கில் நிறுத்தவில்லை. அமெரிக்காவுடன் ஒப்படைப்பு ஒப்பந்தமே இல்லாத ரஷ்யாவில் நிறுத்தியது.

அவர் பக்கத்திலும் ஒரு தாள் சிக்கல் இருந்தது. லண்டனில் இருந்த ஈக்வடார் தூதரக அதிகாரி ஒருவர் ஜூன் 22 தேதியிட்டு ஒரு பாதுகாப்புப் பயணச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தூதரகத்தில்தான், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் அமைப்பின் நிறுவனர் ஓராண்டாக அடைக்கலமாக இருந்தார், தொடர்பு அப்படி. ஆனால் தலைநகர் கீட்டோவில் கேட்காமல் அந்த அதிகாரி தானாகச் செய்தது அது என்று ஈக்வடார் அதிபர் சில நாளில் கைகழுவினார். ஆக இரண்டு தாள், இரண்டும் செல்லாது.

ஜூன் 24 அன்று மாஸ்கோவிலிருந்து கியூபாவின் தலைநகர் ஹவானா போகும் விமானத்தில் 17ஏ இருக்கை அவருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதாகத் தகவல் பரவி, செய்தியாளர் கூட்டம் அதே விமானத்தில் டிக்கெட் வாங்கி ஏறியது. கதவு மூடியபோது 17ஏ காலி. நீண்ட பயணம் முழுக்க அந்தக் காலி இருக்கையைப் படம் எடுத்துக்கொண்டு அவர்கள் ஹவானா போய்ச் சேர்ந்தார்கள்.

## மாஸ்கோ: டிரான்சிட் என்ற திரிசங்கு

மாஸ்கோவின் ஷெரெமெத்யேவோ விமான நிலையத்தில், விமானம் மாறுபவர்கள் காத்திருக்கும் டிரான்சிட் பகுதி ரஷ்ய மண்ணில்தான் இருக்கிறது. ரஷ்யச் சட்டம் அங்கே செல்லும். ஆனால் குடிவரவு முத்திரை விழாத வரை 'அவர் எங்கள் நாட்டுக்குள் வரவில்லை' என்று சொல்ல முடிகிறது. ஜூன் 25 அன்று பின்லாந்தில் இருந்த ரஷ்ய அதிபர் இதைத்தான் சொன்னார்: அவர் எல்லையைத் தாண்டவில்லை, சுதந்திர மனிதர், எங்கே போவது என்று சீக்கிரம் முடிவெடுத்தால் எல்லாருக்கும் நல்லது. கூடவே, இந்த மாதிரி விஷயங்கள் பன்றிக்குட்டிக்கு மயிர் கத்தரிப்பது போல, கத்தல் அதிகம், கம்பளி கொஞ்சம் என்றும் சொன்னார்.

ரஷ்யாவுக்கு இதில் கணக்கு இருந்தது. வைத்துக்கொண்டால் அமெரிக்காவை நோண்டலாம். ஆனால் இரண்டு மாதத்தில் அமெரிக்க அதிபர் மாஸ்கோவுக்கு வருவதாக இருந்தது, அதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். டிரான்சிட் என்ற புனைவு இந்த இரண்டுக்கும் நடுவே நேரம் வாங்கிக் கொடுத்தது. ஜூலை 1 அன்று வந்த நிபந்தனையும் இதே தராசுதான்: இங்கே இருக்கலாம், ஆனால் நம் அமெரிக்கக் கூட்டாளிகளுக்குத் தீங்கு செய்யும் வேலையை நிறுத்த வேண்டும். மறுநாளே அவர் ரஷ்யாவுக்கான கோரிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டதாகக் கிரெம்ளின் செய்தித் தொடர்பாளர் சொன்னார்.

ஈக்வடார் இதற்குள் நெருக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் ரோஜாக்களும் மீனும் வரிச்சலுகையோடு அமெரிக்கச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சலுகையை நிறுத்துவோம் என்று அமெரிக்க செனட்டர்கள் மிரட்ட, ஜூன் 27 அன்று ஈக்வடார் தானே அதைத் துறப்பதாக அறிவித்தது. மனித உரிமைப் பயிற்சிக்காக அமெரிக்காவுக்கு 2.3 கோடி டாலர் தருவதாகக் குத்தலும் சேர்த்தது. மறுநாள் அமெரிக்கத் துணை அதிபர் தொலைபேசியில் அழைத்தார். அதன் பிறகு ஈக்வடாரின் குரல் இறங்கியது: எங்கள் மண்ணிலோ தூதரகத்திலோ வந்து நின்றால்தான் கோரிக்கையைப் பரிசீலிக்க முடியும்.

அதே ஜூன் 27 அன்று செனகலில் அமெரிக்க அதிபர், 29 வயது ஹேக்கர் ஒருவரைப் பிடிக்கப் போர் விமானங்களைக் கிளப்பப்போவதில்லை என்றார். வயதை ஒன்று குறைத்துச் சொன்னதை விட்டுவிடலாம். விமானம் பற்றிய பகுதி ஐந்தே நாளில் வேறு விதமாகத் திரும்பி வந்தது.

## 21 கடிதங்கள்

ஜூன் 30 இரவு, உடன் வந்திருந்த விக்கிலீக்ஸ் ஆலோசகர் விமான நிலையத்திலிருந்த ரஷ்யத் தூதரகப் பிரிவு அதிகாரியிடம் ஒரு கட்டுக் கடிதங்களைக் கொடுத்தார். ஈக்வடார், ஐஸ்லாந்து இரண்டுக்கும் முன்பே எழுதியாகிவிட்டது. அவற்றோடு சேர்த்து 21 நாடுகள். மறுநாள் வெளியான அறிக்கையில் அவர், தன்னை நாடற்றவராக்கிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டினார். சட்டப்படி அது சரியில்லை. பாஸ்போர்ட் போனால் குடியுரிமை போவதில்லை. நாடு திரும்புவதற்கு மட்டும் செல்லும் பயணத்தாள் தரத் தயார் என்று அமெரிக்கா சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு திசையில் மட்டும் திறக்கும் கதவு அது.

பதில்கள் வரத் தொடங்கின. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகள் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. 'எங்கள் நாட்டுக்குள் வந்து விண்ணப்பிக்க வேண்டும்' என்றன. நடைமுறை விதியைக் காட்டி அரசியல் பதிலைத் தவிர்க்கும் பழைய வழி. ஆனால் விதியும் பொய்யில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கை, வந்து சேர்ந்தவரை ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பாதே என்கிறது. தூரத்தில் நிற்பவரை வரவழைக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. தூதரகத்துக்குள் தஞ்சம் தருவதும் உலகப் பொது வழக்கமல்ல. பெரு நாட்டு எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் லிமாவில் இருந்த கொலம்பியத் தூதரகத்துக்குள் 1949-இல் புகுந்தபோது, 1950-இல் சர்வதேச நீதிமன்றம் கொலம்பியாவின் வாதத்தை ஏற்கவில்லை. அவர் 1954 வரை அங்கேயே அடைந்துகிடந்தார். லத்தீன் அமெரிக்க நாடுகள் தங்களுக்குள் முன்பே வைத்திருந்த ஒப்பந்தங்களை விரிவாக்கிப் புதிதாக எழுதிக்கொண்டது அதே 1954-இல்தான்.

இந்தியா வேகமாகப் பதில் சொன்ன நாடுகளில் ஒன்று. ஜூன் 30 தேதியிட்ட கடிதம் மாஸ்கோ தூதரகத்துக்கு வந்தது, கவனமாகப் பரிசீலித்தோம், ஏற்கக் காரணம் எதுவும் தெரியவில்லை என்று ஜூலை 2 அன்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. இந்தியா அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. தஞ்சம் தருவது இங்கே சட்டக் கடமையல்ல, அரசின் விருப்பம். 1959-இல் தலாய் லாமாவுக்கு விருப்பம் இருந்தது. இப்போது இல்லை. ஒரு வாரத்துக்கு முன்தான் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் புது தில்லியில் பேச்சு நடத்திவிட்டுப் போயிருந்தார். அது செய்திகளைப் படிப்பதல்ல, கணினி வழியாக அழைப்புகளின் போக்கைப் பார்ப்பதுதான் என்று நம் வெளியுறவு அமைச்சரே அமெரிக்கக் கண்காணிப்புக்குச் சமாதானம் சொன்னார். கண்காணிக்கப்பட்டவர் கண்காணித்தவருக்கு வக்காலத்து வாங்கிய விசித்திரம்.

நம் கதைமரபில் இதே காட்சி உண்டு. விபீஷணன் கடல் தாண்டி வந்து அடைக்கலம் கேட்டபோது, எதிரி முகாமிலிருந்து வந்தவன், உளவாளியாக இருக்கலாம் என்று தடுத்தவன் சுக்ரீவன். அடைக்கலம் என்று வந்தவனைத் தள்ளக் கூடாது என்பது ராமன் கட்சி. 2013 ஜூலையில் 21 தலைநகரங்களிலும் சுக்ரீவர்கள் இருந்தார்கள். ராமன் தரப்பில் பேசிய மூன்று நாடுகளும் அந்தப் பேச்சுக்கு வந்தது, அடுத்துச் சொல்லப்போகும் சம்பவத்துக்குப் பிறகு.

## வியன்னாவில் இறங்கிய விமானம்

ஜூலை 2. எரிவாயு ஏற்றுமதி நாடுகளின் மாநாட்டுக்காக மாஸ்கோ வந்திருந்த பொலிவிய அதிபர், தஞ்சக் கோரிக்கை வந்தால் பரிசீலிப்போம் என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டு அன்றிரவே ஊருக்குக் கிளம்பினார். அவர் கிளம்பியது வ்னூகோவோ விமான நிலையத்திலிருந்து. தேடப்பட்டவர் இருந்தது ஷெரெமெத்யேவோவில், நகரின் வேறொரு மூலையில். இதை யாரும் நிதானமாக யோசித்ததாகத் தெரியவில்லை.

விமானம் மேற்கே போய்க்கொண்டிருக்கும்போது பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, போர்ச்சுகல் நாடுகள் தங்கள் வான்பரப்பை மறுத்துவிட்டதாகப் பொலிவியா குற்றம் சாட்டியது. எரிபொருள் அளவு சரியாகக் காட்டவில்லை என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு விமானி வியன்னாவில் இறக்கினார். ஒரு நாட்டின் அதிபர் ஏறத்தாழ 14 மணி நேரம் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்திரிய அதிபர் நேரில் வந்து பேசினார். ஸ்பெயின் தூதர் விமானத்துக்குள் வந்து பார்க்கக் கேட்டதாகவும், தான் மறுத்ததாகவும் பொலிவிய அதிபர் சொன்னார். உள்ளே தேடினார்களா, வெறுமனே எட்டிப் பார்த்தார்களா என்பதில் ஆஸ்திரியாவும் பொலிவியாவும் வெவ்வேறு கதை சொல்கின்றன. எப்படியோ, தேடப்பட்டவர் அதில் இல்லை.

சட்டத்தைப் பார்த்தால் நிலைமை சிக்கல். பயணிகள் விமானங்களுக்கான 1944 சிகாகோ உடன்படிக்கை அரசு விமானங்களுக்குப் பொருந்தாது. அரசு விமானம் இன்னொரு நாட்டின் மேல் பறக்க அனுமதி வாங்க வேண்டும். அனுமதி தருவது அந்த நாட்டின் உரிமை. ஆனால் கொடுத்த அனுமதியை, நாட்டின் தலைவர் வானில் இருக்கும்போது பறிப்பது வேறு விஷயம். தேடப்பட்டவர் உள்ளே இருக்கிறார் என்று தங்களுக்குச் சொல்லப்பட்டது என்றார் ஸ்பெயின் வெளியுறவு அமைச்சர். சொன்னது யார் என்று கூறவில்லை. அவர் இறங்கவோ கடக்கவோ கூடிய பல நாடுகளுடன் தொடர்பில் இருந்தோம் என்பதோடு அமெரிக்க வெளியுறவுத் துறை நிறுத்திக்கொண்டது. பிரான்ஸ் உடனே வருத்தம் தெரிவித்தது. ஸ்பெயினுக்கு மன்னிப்புக் கேட்க இன்னும் சில நாள் பிடித்தது.

விளைவு எதிர்த்திசையில் விழுந்தது. அதுவரை வழவழவென்று பேசிய லத்தீன் அமெரிக்கத் தலைவர்கள் சிலர் பொலிவியாவின் கோச்சபம்பாவில் கூடினார்கள். ஜூலை 5 அன்று வெனிசுவேலாவும் நிகரகுவாவும், மறுநாள் பொலிவியாவும் தஞ்சம் தருவதாக அறிவித்தன. முன்பு அந்த மனிதருக்காக எடுக்கத் துணியாத முடிவை, இப்போது தங்கள் மானத்துக்காக எடுத்தார்கள். ஆனால் மூன்று அழைப்பும் காகிதத்தில்தான். அதிபர் விமானத்துக்கே இந்தக் கதி என்றால், செல்லுபடியாகும் தாள் இல்லாத ஒரு பயணி ஐரோப்பாவின் மேல் பறந்து வெனிசுவேலாவின் தலைநகர் காரகஸ் போவது எப்படி? அழைப்பு இருந்தது, வழி இல்லை.

## முடிவு

ஜூலை 12 அன்று அவர் விமான நிலையத்தில் மனித உரிமை அமைப்பினரைச் சந்தித்தார். லத்தீன் அமெரிக்கா போக வழி கிடைக்கும்வரை ரஷ்யாவில் இருக்க விண்ணப்பிப்பதாகச் சொன்னார். முன்பு அவர் ஏற்காத நிபந்தனையைப் பற்றிக் கேட்டதற்கு, இனிமேல் அமெரிக்காவுக்குத் தீங்கு செய்யும் எண்ணமில்லை என்று பதில் வந்தது. ஜூலை 16 அன்று தற்காலிகத் தஞ்சத்துக்கு விண்ணப்பம். அதிபர் ஆணையால் தரப்படும் அரசியல் தஞ்சம் அல்ல இது. குடிபெயர்வுத் துறை நிர்வாக முடிவாக ஓராண்டுக்குத் தருவது. ரஷ்யா படிக்கட்டில் ஆகக் கீழ்ப்படியைத் தேர்ந்தெடுத்தது.

ஜூலை 23 தேதியிட்ட கடிதத்தில் அமெரிக்கத் தலைமை வழக்கறிஞர் ரஷ்ய நீதி அமைச்சருக்கு உறுதி அளித்தார்: மரண தண்டனை கேட்கமாட்டோம், சித்திரவதை இருக்காது. ஒரு வல்லரசு இன்னொரு வல்லரசிடம் 'நாங்கள் சித்திரவதை செய்யமாட்டோம்' என்று எழுத்தில் கொடுக்க நேர்ந்தது. அந்தக் கடிதமே தஞ்சக் கோரிக்கைக்கு ஆதரவான ஆவணம் போல ஆகிவிட்டது என்று எனக்குப் படுகிறது. ஆகஸ்ட் 1 அன்று, ஏறக்குறைய 40 நாளுக்குப் பிறகு, ஓராண்டுத் தாளோடு அவர் விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்தார்.

## பின்விளைவுகள்

ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் மாஸ்கோ சந்திப்பை ரத்து செய்தார். ஏவுகணைத் தடுப்பு, ஆயுதக் குறைப்பு என்று வேறு காரணங்களும் சொல்லப்பட்டன. பீட்டர்ஸ்பர்கில் நடந்த ஜி20 கூட்டத்துக்கு மட்டும் வந்துபோனார்.

அதிகம் காயப்பட்ட நாடுகள் செய்தது கவனிக்கத் தக்கது. தன் தொலைபேசித் தொடர்புகளே கண்காணிக்கப்பட்டதாகத் தெரிந்ததும் பிரேசில் அதிபர் வாஷிங்டன் அரசுமுறைப் பயணத்தைத் தள்ளிவைத்தார். ஜெர்மன் தலைவரின் கைபேசி விவகாரம் அக்டோபரில் வெடித்தது. இரு நாடுகளும் சேர்ந்து இணையத் தனியுரிமை குறித்த தீர்மானத்தை ஐ.நா. பொதுச் சபையில் டிசம்பரில் நிறைவேற்ற வைத்தன. தகவலை எடுத்துக்கொண்டன, தகவல் தந்தவரை எடுத்துக்கொள்ளவில்லை. 2015 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் அவருக்குப் பாதுகாப்பு தரச் சொல்லி 285-க்கு 281 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. கட்டுப்படுத்தாத தீர்மானம். எந்த அரசும் அசையவில்லை.

அமெரிக்காவுக்குள் 2015 ஜூனில் புதிய சட்டம் வந்து, தொலைபேசி விவரங்களை மொத்தமாக அள்ளுவது நின்றது. 2020-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பழைய திட்டமே சட்டவிரோதம் என்றது. அவர் மீதான வழக்கு அப்படியே இருக்கிறது. ரஷ்யாவில் அவரது தாள் மட்டும் நீண்டுகொண்டே போனது: 2014-இல் மூன்றாண்டு அனுமதி, 2020-இல் நிரந்தரக் குடியிருப்பு, 2022 செப்டம்பரில் குடியுரிமை. அந்த ஆண்டு உக்ரைன் போர் நடந்துகொண்டிருந்தது. 'முதலிலிருந்தே ரஷ்யாவின் ஆள்' என்று சொல்லி வந்தவர்களுக்கு அந்தக் குடியுரிமையே ஆதாரமாகத் தெரிந்தது. ஆகக் கசப்பான பின்விளைவு இதுதான் என்று நினைக்கிறேன். தேர்ந்தெடுக்காத இடம், தேர்ந்தெடுத்த பக்கம் போல வாசிக்கப்படுகிறது.

## எதை மாற்றியிருக்கலாம்

அம்பலப்படுத்துபவருக்கு ஆலோசனை சொல்லும் வழக்கறிஞர் என்றால், வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வேன். முதலில் தஞ்சம் கேட்கக்கூடிய நாட்டின் மண்ணில் கால், பிறகு வெளியீடு, பிறகு முகம். இங்கே மூன்றும் தலைகீழாக நடந்தன. பாஸ்போர்ட் உயிரோடு இருந்த மே 20 முதல் ஜூன் 22 வரையிலான ஐந்து வாரம் திரும்பி வராத செல்வம்.

துரத்தும் அரசு என்றால், ரத்து ஆணையில் கையெழுத்துப் போடும் முன் வரைபடத்தைப் பார்க்கச் சொல்வேன். ஈக்வடாரில் அவர் இருந்திருந்தால், ஆட்சி மாறும்போது பேசிப் பார்க்க வாய்ப்பிருந்தது. லண்டன் தூதரகத்தில் இருந்தவருக்கு 2019 ஏப்ரலில் அதுதான் நடந்தது. மாஸ்கோவில் அந்த வாய்ப்பே இல்லை. கைது வேண்டுகோளில் நடுப்பெயரைச் சரிபார்ப்பது இதைவிட மலிவான பாடம்.

தஞ்சம் தர நினைக்கும் அரசுக்கு, அறிவிப்பைவிடப் பயணத்தாள் முக்கியம். அகதிகள் உடன்படிக்கை பயணத்தாள் தரச் சொல்வது ஏற்கெனவே சட்டப்படி உள்ளே இருப்பவருக்குத்தான். நடுவழியில் நிற்பவருக்கு அதில் எதுவும் இல்லை. அந்த இடைவெளியை ஒரு தூதரக அதிகாரியின் நல்லெண்ணம் அடைக்காது. வெளியுறவு அமைச்சகம் கையெழுத்திட்ட தாளும், கடக்கும் நாடுகளின் முன்சம்மதமும் வேண்டும். மூலப் பிரச்சினையான சட்டப் பாதுகாப்பிலும் ஓட்டை முழுதாக அடைபடவில்லை. முறைகேடுகளைச் சொல்பவரைக் காக்க ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த நெறிமுறையும் தேசப் பாதுகாப்பு விஷயங்களை வெளியே நிறுத்திவிட்டது. இதே வழக்கு நாளை மறுபடி வந்தால், இதே விமான நிலையத்துக்குத்தான் வந்து சேரும்.

கடைசியாக, ஹாங்காங்கில் அவரை ஒளித்துவைத்த குடும்பங்கள். செய்தி வெளியானதும் அவர்கள் மீது கவனம் திரும்பியது. 2017-இல் அவர்களுடைய தஞ்சக் கோரிக்கைகளை ஹாங்காங் நிராகரித்தது. ஒரு தாயையும் மகளையும் 2019 மார்ச்சில் கனடா ஏற்றது. நான்கு பேர் கொண்ட இன்னொரு குடும்பம் 2021 செப்டம்பரில் போய்ச் சேர்ந்தது. அவர்களோடு போகவேண்டிய ஒருவர் அப்போது ஹாங்காங்கிலேயே காத்துக்கொண்டிருந்தார்.